மெடிக்கல் லீவில் இருக்கும்போது இன்டர்வியூவா? எல்லைப்புறத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

உக்கடம் பேருந்து நிலையத்தில் பாலக்காடு வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட காட்டன் சேலை, கையில் சர்டிபிகேட் ஃபைல். பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னங்க, உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க, இங்க நிக்கிறீங்க?" திரும்பினால் எங்கள் கம்பெனியின் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆஸ்பத்திரிக்கு வந்தேங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஃபைலைப் பார்த்தார். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஃபைல் அது. மேலே என் பயோடேட்டா, போட்டோவோடு.

மறுநாள் காலை எச்.ஆரிலிருந்து போன். "கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி சீட்டை வாட்ஸ்அப்பில அனுப்பிவிடுங்க, ஃபைலுக்கு வேணும்." இல்லாத சீட்டுக்கு எங்கே போவது?

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்த்ததே சம்பளப் பிரிவில். கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் போட்டு, லீவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். விதி தெரியாமல் மாட்டவில்லை. விதியெல்லாம் தெரிந்திருந்தும், மன இறுக்கத்தில் லீவு எடுத்ததே ஏதோ திருட்டு போலத் தோன்றியதால் மறைத்து மாட்டினேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோய் விடுப்பில் இருக்கும்போது இன்டர்வியூவுக்குப் போவது குற்றமில்லை. வேறு வேலை தேடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆளை மாட்டிவிடுவது நாம் மறைக்கிற விதம். இரண்டாவது முறை ஒழுங்காகப் போனேன். எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன்.

எந்த லீவில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

"மெடிக்கல் லீவு" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூன்று வகை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யில் இருப்பீர்கள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கும், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் சான்று கொடுத்து வீட்டில் இருந்தால், சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாக வரும். ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு, உரிய ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாள் கூலி 600 ரூபாய் என்றால் 70 சதவீதம் 420. டாக்டர் 14 நாளுக்குச் சான்று தருகிறார். முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. மீதி 12 நாளுக்கு 5,040 ரூபாய். முந்தைய சான்று முடிந்து 15 நாளுக்குள் மறுபடியும் படுத்தால் அந்த 2 நாள் கழிவும் கிடையாது.

தனியார் மனநல டாக்டரிடம் பார்க்கிறீர்கள் என்றால் அந்தச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. பணத்துக்குக் காத்திருக்காதீர்கள். டிஸ்பென்சரியில் காட்டி, அங்கே சான்று வாங்குங்கள்.

இந்தப் பணத்தை வாங்குகிறவர்களுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தில் தொடங்கி வருபவை. சிகிச்சையைத் தொடர வேண்டும். குணமாவதைக் கெடுக்கிற எதையும் செய்யக் கூடாது. அதிகாரி பரிசோதனைக்குக் கூப்பிட்டால் போக வேண்டும். நான்காவதுதான் நம்மைப் போன்ற எல்லைப்புறத்துக்காரர்களுக்கு முக்கியம்: டாக்டர் அனுமதி இல்லாமல் சிகிச்சை நடக்கும் பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது.

சென்னையில் இருக்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய்விட்டு வந்துவிடுவார். கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற நமக்கு வேலந்தாவளம் தாண்டினால் வேறு மாநிலம். காய்கறி வாங்க, கல்யாணத்துக்கு, கண் டாக்டரைப் பார்க்க என்று தினமும் தாண்டுகிறோம், அதனால் எல்லை என்ற நினைப்பே வருவதில்லை. ஆனால் நம் டிஸ்பென்சரி கேரளத்தில் இருக்கிறது, இன்டர்வியூ கோவையில். காகிதத்தில் அது வெளியூர்தான். நான் போன முதல் தடவை கேட்காமல் போனேன். தப்பு அங்கேதான்.

இரண்டாம் வகை, கம்பெனியே சம்பளத்தோடு கொடுக்கும் நோய் விடுப்பு. கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகிற இடங்களில் ஆண்டுக்கு 12 நாள் வரை உண்டு. சம்பளம் 21,000-க்கு மேல் வாங்குகிறவர்கள் பலர் இதில்தான் வருவார்கள். இங்கே கம்பெனியின் லீவு விதியைப் படியுங்கள். "விடுப்பில் இருக்கும்போது வெளியூர் போனால் தெரிவிக்க வேண்டும்" என்று ஒரு வரி சில இடங்களில் இருக்கும்.

மூன்றாவது, ஈட்டிய விடுப்பு அல்லது சம்பளம் இல்லாத விடுப்பு. இதில் தலைவலி குறைவு. உங்கள் நாள், உங்கள் பாடு.

டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்

வீட்டில் சொல்வதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்பேன். என் டாக்டர் திருச்சூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் கேட்டால் புரியும், பேசுவது மலையாளம். ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உறக்கம் கிட்டுந்நுண்டோ?" அன்றைக்கு நான் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, "டாக்டர், வேற வேலைக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. கோயம்புத்தூர். போகட்டுங்களா?" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இன்டர்வியூ எத்தனை மணிக்கு, யாராவது கூட வருகிறார்களா, இரவு மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டார். அப்புறம் ஓ.பி. சீட்டில், இன்ன தேதியில் ஒரு நாள் கோவை சென்று வரலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். முதல் தடவை இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் எச்.ஆர். போனுக்கு வியர்த்திருக்க வேண்டியதில்லை.

எந்த டாக்டரும் "போகலாம்" என்றே சொல்வார் என்பதில்லை. "இன்னும் பத்து நாள் கழித்துப் பாருங்கள்" என்றால் கேளுங்கள்.

கேட்க வேண்டிய இன்னொன்று மாத்திரை விஷயம். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், குறிப்பாக க்ளோனாசெபாம் வகை, மறுநாள் காலையிலும் தலையைக் கனக்கச் செய்யும். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நழுவும். இன்டர்வியூ காலை 10 மணிக்கு என்றால் முந்தின இரவு என்ன செய்வது என்று டாக்டரே சொல்லட்டும். நீங்களாக ஒரு வேளையை விடவும் வேண்டாம், "தைரியத்துக்கு" என்று பக்கத்து வீட்டு அண்ணன் தருகிற மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்றால், அது இன்னும் வேலையே தொடங்கியிருக்காது. பெரும்பாலானவை பிடிக்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும்.

சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப் 43 என்று இருந்தால் அது கடும் அழுத்தத்துக்கு மனம் காட்டும் எதிர்வினை, சூழலுக்கு ஒத்துப்போக முடியாத நிலை ஆகியவற்றுக்கான சர்வதேசக் குறியீடு. பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். கம்பெனிக்குக் கொடுக்கும் சீட்டில் நோயின் பெயர் விரிவாக வேண்டாமென்றால் டாக்டரிடம் கேட்கலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது சிகிச்சை தருகிறவர்களின் கடமை. எச்.ஆர். போன் போட்டுக் கேட்டாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் சொல்லக் கூடாது.

இப்போது போக முடியுமா? ஒரு சின்னச் சோதனை

டாக்டர் சரி என்றாலும் உடம்பு சரி என்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும். நான் செய்தது இது. இன்டர்வியூவுக்கு நான்கு நாள் முன்பு, காலை உணவு முடித்து, செருப்பு முதற்கொண்டு போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கை எதிரே. "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க, சொல்லுங்க" என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் கேள்வி கேட்கச் சொன்னேன். முதல் பதினைந்து நிமிடம் சுமார். பழைய மேனேஜரைப் பற்றிய கேள்வி வந்ததும் தொண்டை அடைத்து அழுகை வந்துவிட்டது. தங்கை பயந்துபோய், "அக்கா, நீ போகவே வேண்டாம்" என்றாள். இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னேன். அழுகை வரவில்லை, கை மட்டும் நடுங்கியது. சரி, போகலாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது தடவையும் அழுகை வந்தால் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். "உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் வரட்டுமா? இல்லை, வீடியோ காலில் பேசலாமா?" என்று ஒரு மெயில் போதும். பல இடங்களில் முதல் சுற்றை வீடியோவிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அப்படி நடந்தால் எல்லை தாண்டுகிற பிரச்சினையும் இல்லை. ஒரு விஷயம், வீடியோ என்றால் கதவைச் சாத்துங்கள். எங்கள் வீட்டில் நடுவில் கோழி வந்துவிட்டது.

அப்புறம், எதற்காகப் போகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். இங்கிருந்து தப்பித்தால் போதும் என்ற வேகத்தில் எந்த வேலை கிடைத்தாலும் தலையாட்டிவிடுவோம். என் தோழி ஒருத்தி அப்படித்தான் மாதம் 2,000 ரூபாய் குறைவாக, அதே மாதிரி இராத்திரி எட்டு மணி வரை உட்கார வைக்கிற இன்னொரு இடத்துக்குப் போனாள். எதனால் உடம்பு கெட்டது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என் தாளில் இருந்தவை: மூன்று பேர் வேலை ஒருத்தி மேல், மாதக் கடைசியில் தூக்கமில்லை, ஞாயிற்றுக்கிழமை போன். புது இடத்தில் இந்த மூன்றும் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

போய் வருகிற வழி

இன்டர்வியூ நேரத்தைத் தேர்வு செய்ய விட்டால் 11 மணிக்கு மேல் கேளுங்கள். மன இறுக்கத்தில் இருக்கிறவர்கள் பலருக்குக் காலை நேரம்தான் மோசம். பாலக்காட்டிலிருந்து கோவை சுமார் 55 கிலோமீட்டர். ரயிலில் வருவதானால், வாளையாருக்கும் எட்டிமடைக்கும் நடுவே காட்டுப் பகுதியில் யானை நடமாட்டத்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஒரு வண்டி முந்தியே ஏறுங்கள். கொழிஞ்சாம்பாறை, ஒழலப்பதி, வடகரைப்பதிப் பக்கம் என்றால் வேலந்தாவளம் வழியாக உக்கடம் வருவது சுலபம். சித்தூர், மீனாட்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்குப் பொள்ளாச்சி வழி.

முந்தின நாள் ஹர்த்தால், அதாவது பந்த், ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் நடத்தக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. ஆனாலும் பார்ப்பது நல்லது. ஹர்த்தால் அன்று ரயில் ஓடினாலும் ஸ்டேஷன் வரைக்கும் போக வண்டி கிடைக்காது. கோவைக்காரர்களுக்கு இதெல்லாம் புரியாது. "பஸ் இல்லையா? ஏன்?" என்பார்கள். அப்படி ஒரு நாள் மாட்டினால் காலையிலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஃபைல் துணிப் பையில் போகட்டும். கண்ணாடி ஃபைல் வேண்டவே வேண்டாம், என் கதை தெரியுமே. டாக்டர் எழுதிக் கொடுத்த ஓ.பி. சீட்டு, அதன் போட்டோ போனில், தாளும் பேனாவும், தண்ணீர், ஏதாவது கொறிக்க, துணைக்கு ஒருவர். தங்கை என்னோடு வந்து எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் அங்கே இருக்கிறாள் என்பதே பாதி பலம்.

யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்கு வேண்டாம்

நம் ஊர் சின்ன ஊர். கஞ்சிக்கோட்டில் தும்மினால் சித்தூரில் கேட்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "புதிய பயணம்" என்றெல்லாம் போட வேண்டாம். வேலை தேடும் தளங்களில் உங்கள் விவரம் இப்போதைய கம்பெனிக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். இன்டர்வியூ எடுப்பவர்களிடமும், "ஆர்டர் கொடுக்கிற வரைக்கும் இப்ப இருக்கிற கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டாங்க" என்று நேராகவே கேளுங்கள். இது எல்லோரும் கேட்பதுதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

வழியில் கம்பெனி ஆள் பார்த்துவிட்டால்? பொய் சொல்லாதீர்கள். "டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் சொந்த வேலையா வந்தேங்க" என்றால் போதும். சொந்த வேலை என்னவென்று அவர் கேட்டால் சிரித்துவிட்டு வண்டி ஏறுங்கள். எச்.ஆர். கேட்டாலும் அதே பதில்தான், அப்போது ஓ.பி. சீட்டு துணைக்கு நிற்கும். ஆஸ்பத்திரி, துக்கம், கல்யாணம் என்று கதை கட்டினால் அடுத்த கேள்விக்கு இன்னொரு கதை வேண்டும். களைத்துப்போன மூளையால் இரண்டு கதையை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது.

உள்ளே என்ன பேசுவது

நான் போன இடத்தில் முதல் கேள்வி, "பாலக்காடா? தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா?" எருத்தேம்பதிப் பக்கம் தமிழ்வழியில் படித்தவளிடம் இப்படிக் கேட்டால் கோபம் வரும். வரட்டும், காட்டாதீர்கள். மூன்று மொழியில் சம்பளச் சீட்டை விளக்கத் தெரியும் என்றேன். அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

பயப்படுகிற கேள்விகள் உண்மையில் இரண்டுதான்.

"இப்ப வேலைக்குப் போயிட்டிருக்கீங்களா?" இதற்கு "ஆமாம்" என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். நான் சொன்னது: "அங்கேதாங்க வேலை. உடம்பு சரியில்லாம மூணு வாரமா லீவுல இருக்கேன். டாக்டர் பார்த்துட்டிருக்கார், அடுத்த மாசம் ஃபிட்னஸ் கொடுத்திருவார்." நோயின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "என்ன உடம்புக்கு?" என்று அவர் மேலே கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலைப் பளு அதிகமாகித் தூக்கம் கெட்டுப் போச்சுங்க. இப்ப தேவலை" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "எங்க வீட்டுக்காரிக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றார். எல்லோரும் இப்படிச் சொல்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். சில இடங்களில் முகம் மாறும். அந்த முகத்தை இன்டர்வியூவிலேயே பார்த்துவிட்டால் லாபம்தான்.

"ஏன் மாறுறீங்க?" இங்கேதான் நாம் கொட்டிவிடுவோம். பழைய மேனேஜர் பேச்சு வந்தால் ஐந்து நிமிடம் ஓடும், குரல் உயரும். இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்: "அங்க மூணு பேர் பார்த்த வேலை என் ஒருத்திகிட்ட வந்துச்சு. நல்லா கத்துக்கிட்டேன், ஆனா இப்படியே தொடர முடியாதுங்க." அதோடு நிறுத்துங்கள். அடுத்து நீங்கள் கேளுங்கள்: சம்பளப் பிரிவில் எத்தனை பேர், மாதக் கடைசியில் எத்தனை மணி வரை, எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலை விட, பதில் சொல்வதற்கு முன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள்.

படபடப்பு வந்தால், வந்துவிட்டதே என்று அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எனக்கு நடுவில் கணக்கு ஒன்று கேட்டபோது தலை வெற்றாகிவிட்டது. 21,000-த்துக்கு 0.75 சதவீதம் எவ்வளவு? நூறு தடவை போட்ட கணக்கு. வரவில்லை. "ஒரு நிமிஷம் கொடுங்க, எழுதிப் பார்த்துச் சொல்றேன்" என்று தாளை எடுத்தேன். தண்ணீர் ஒரு வாய். 157 ரூபாய் 50 காசு, ரூபாய்க்கணக்கில் மேலே ஏற்றி 158 என்று எழுதிக் காட்டினேன். தாளும் பேனாவும் எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

விண்ணப்பப் படிவத்தில் "ஏதேனும் நோய்க்குச் சிகிச்சை பெறுகிறீர்களா" என்று கட்டம் இருந்து, கீழே உறுதிமொழியில் கையெழுத்தும் போட வேண்டும் என்றால் "இல்லை" என்று எழுதாதீர்கள். பின்னால் அது உங்களுக்கு எதிராக நிற்கும். "சிகிச்சை பெற்றுவருகிறேன், பணிக்குத் தகுதிச் சான்று தருவேன்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

வேலை கிடைத்தால்

இங்கேதான் அவசரப்பட்டு நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். நான் சம்பளப் பிரிவில் இருந்தபோது கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவர் இ.எஸ்.ஐ. உதவித்தொகை வாங்கிக்கொண்டே பக்கத்து இடத்தில் சேர்ந்துவிட்டார். வேலை செய்த நாளுக்கு நோய்க்கால உதவித்தொகை கிடையாது. தெரிந்தே வாங்கினால் அது மோசடி. இ.எஸ்.ஐ. எண்ணும், பி.எஃப்.பின் யு.ஏ.என். எண்ணும் கம்பெனி மாறினாலும் மாறாது. பழைய இடத்தில் விலகிய தேதிக்கு முன்னாலேயே புது இடத்தில் சேர்ந்த தேதி வந்தால் இரண்டும் ஒரே திரையில் தெரியும்.

முதலில் வேலை ஆர்டர் கையில் வர வேண்டும், வாய் வார்த்தையை நம்பி எதுவும் செய்யாதீர்கள். அப்புறம் டாக்டரிடம் போய் இறுதிச் சான்று, அதாவது ஃபிட்னஸ். அதன் பிறகு ராஜினாமா. நோட்டீஸ் காலம் எத்தனை நாள், அதை லீவில் கழிக்கலாமா என்பது உங்கள் பழைய வேலை ஆர்டரில் இருக்கும், எடுத்துப் படியுங்கள். மறுபடியும் அந்த இடத்தில் ஒரு மாதம் உட்கார முடியாது என்று டாக்டர் நினைத்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்கி, நோட்டீஸைக் குறைக்கச் சொல்லி எச்.ஆரிடம் பேசுங்கள். பெரும்பாலும் நோட்டீஸுக்குப் பதில் சம்பளத்தைக் கழித்துக்கொள்வார்கள். எனக்கு 15 நாள் சம்பளம் போனது. போகட்டும் என்று விட்டேன்.

சேரும் தேதி கேட்டால் ஃபிட்னஸ் தேதிக்கு மேல் ஒரு வாரமாவது விட்டுச் சொல்லுங்கள். ஆடி மாதமென்றால் இன்னும் சுலபம், வீட்டிலேயே சேர விடமாட்டார்கள். கேரளப் பக்கத்தில் அதுவே கர்க்கடகம், அங்கேயும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். ஆவணி ஒன்றும் மலையாள மாதம் சிங்ஙம் ஒன்றும் ஏறக்குறைய ஒரே நாளில் வரும். "ஆவணி பிறந்து வர்றேங்க" என்று நான் சொன்னபோது கோவைக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எனக்கு மூன்று வாரம் கூடுதலாகத் தூங்கக் கிடைத்தது.

கிடைக்கவில்லையென்றால் அந்த வாரம் கொஞ்சம் கவனம். போய் வந்த மறுநாள் எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை, கிடைத்தும் அப்படி. கிடைக்காமல் திரும்புகிறவர்கள் அன்றிரவு தனியாக இருக்க வேண்டாம். மனசு மிகவும் கனத்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் இலவச எண், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் திசா எண் 1056, தமிழ்நாட்டில் 104.

கடைசியாக, பழைய கம்பெனிக்குக் கணக்கு முடிக்கப் போகும்போது அடையாள அட்டை, அலமாரிச் சாவி எல்லாம் ஞாபகமாகக் கொடுத்துவிட்டு, அனுபவச் சான்று, விடுவிப்புக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள், அப்புறம் அனுப்புகிறோம் என்றால் நகர வேண்டாம். உங்கள் சொந்தப் பொருளையும் பார்த்து எடுங்கள். நான் சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்று ஓடிவந்ததில், என் மூன்றடுக்கு டிபன் கேரியர் இன்னும் அந்த ஜன்னல் மேல்தான் இருக்கிறது.